கொடுக்க விடுங்கள்

(கேரளத்தில் வலிதணிப்புப் பராமரிப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படும் ஜனவரி 15ஐ ஒட்டி, இடக்கொச்சியில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தீராத நோயோடு வாழ்கிற ஒருவரைப் பற்றி நாம் கூடிப் பேசும்போது, அவருக்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்றுதான் பெரும்பாலும் பேசுகிறோம். எந்த ஆஸ்பத்திரி, எந்த மருந்து, இரவில் யார் துணைக்கு இருப்பது, செலவுக்கு என்ன வழி. எல்லாம் பேச வேண்டியவைதான். இன்று நான் பேச வந்தது அதற்கு மறுபக்கம். அந்த நோயாளி நமக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போக நினைக்கிறார்? அதைக் கொடுக்க அவருக்கு நாம் இடம் விட்டிருக்கிறோமா?

நாற்பது வருடம் வீட்டுக்குக் கொடுத்தே பழகிய கை, படுக்கையில் விழுந்த நாளிலிருந்து வாங்குகிற கையாக ஆகிவிடுகிறது. கஞ்சியை வாங்க வேண்டும், மாத்திரையை வாங்க வேண்டும், வருகிறவர் போகிறவர் எல்லாருடைய ஆறுதலையும் வாங்க வேண்டும். "யாருக்கும் உபகாரம் இல்லாமல் கிடக்கிறேனே" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நாம் உடனே, "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று வாயை அடைத்துவிடுகிறோம். அந்த வார்த்தை ஒரு விண்ணப்பம். இன்னும் ஏதாவது கொடுக்க என்னை விடுங்கள் என்கிற விண்ணப்பம். அதை நாம் கேட்கப் பழக வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்லப்போகும் ஒரே விஷயம்.

1948 பிப்ரவரியில் லண்டனில் ஒரு மனிதர் புற்றுநோயால் இறந்தார். பெயர் டேவிட் டாஸ்மா. நாற்பது வயது. போலந்திலிருந்து வந்த யூதர்; ஓட்டலில் பரிமாறுகிற வேலை. மனைவி மக்கள் இல்லை. வலியைவிட அவரை வாட்டியது, நான் பிறந்து வாழ்ந்ததற்கு ஒரு தடயமும் மிஞ்சப் போவதில்லையே என்ற எண்ணம். ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளராக இருந்த சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசினார். தன்னைப் போன்றவர்கள் வலியில்லாமல், மனம் விட்டுப் பேசிக்கொண்டு, கடைசி நாட்களைக் கழிக்க ஒரு வீடு இருந்தால் எப்படி இருக்கும் என்று இருவரும் பேசிப் பேசி வரைந்து பார்த்தார்கள். டாஸ்மா இறக்கும்போது தன்னிடம் இருந்த 500 பவுண்டை சாண்டர்ஸுக்கு எழுதி வைத்தார். நீங்கள் கட்டப்போகும் அந்த வீட்டில் நான் ஒரு சன்னலாக இருப்பேன் என்ற பொருளில் ஒரு சொல்லையும் விட்டுப் போனார்.

சாண்டர்ஸ் அதன் பிறகுதான் மருத்துவம் படித்து டாக்டரானார். 19 வருடம் கழித்து, 1967இல், லண்டனின் தென்பகுதியில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் திறக்கப்பட்டது. அந்தச் சன்னல் அங்கே இருக்கிறது. இன்று உலகெங்கும் பாலியேட்டிவ் கேர் என்று வழங்குகிற மருத்துவத்தின் தொட்டில் அந்த இல்லம். அங்கே மார்பின் மருந்தை ஆராய்ந்த டாக்டர் ராபர்ட் ட்வைகிராஸ் பின்னாளில் கேரள மருத்துவர்களுக்குத் துணை நின்றவர்களில் ஒருவர். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களும் வலிதணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அது மலப்புறத்தில் ஊர் மக்களின் கைக்குப் போனது. ஆட்டோ ஓட்டுபவரும் கடைக்காரரும் ஆசிரியரும் பயிற்சி எடுத்துக்கொண்டு, தங்கள் தெருவில் படுத்திருக்கிற நோயாளியைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் அக்கம்பக்கத்து வலையாக அது விரிந்தது. 2008இல் இந்தியாவிலேயே முதல் மாநிலமாகக் கேரளம் இதற்கென்று ஒரு கொள்கையை வகுத்தது. 2010இல், மரணத் தறுவாயில் கிடைக்கும் பராமரிப்பை வைத்து 40 நாடுகளை வரிசைப்படுத்திய ஓர் அறிக்கை வந்தது. இந்தியா கடைசி இடத்தில் இருந்தது. அதே அறிக்கை, இந்திய மக்கள் தொகையில் 3 விழுக்காடே கொண்ட கேரளத்தில்தான் நாட்டின் இந்தச் சேவைகளில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறது என்று தனியாக எடுத்துச் சொன்னது.

இன்று இந்தக் காயல் கரையில், பள்ளுருத்தியிலிருந்து அரூர் பாலம் வரைக்கும், படுத்த படுக்கையான நோயாளிகள் இருக்கிற வீட்டு வாசலில் பையோடு வந்து நிற்கிற பாலியேட்டிவ் சிஸ்டரை உங்களுக்குத் தெரியும். அவர் வருகிற வழி எங்கே தொடங்குகிறது என்று பின்னோக்கிப் பார்த்தால், எனக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்று அழுத ஒரு ஓட்டல் தொழிலாளியின் படுக்கையில் போய் முடியும். அவரிடம் இருந்தது 500 பவுண்டும் ஒரு ஆசையும். அது இடக்கொச்சி வரைக்கும் வந்து சேர்ந்ததற்குக் காரணம், அவர் கொடுக்க விரும்பியபோது வாங்கிக்கொள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தார் என்பதுதான்.

அப்படிக் கொடுப்பதற்கு இரண்டு தடைகள் உண்டு. ஒன்று வலி; முதலில் அது தணிய வேண்டும். வலியில் துடிக்கிறவரிடம் போய், உயில் எழுதுங்கள், பழைய கதை சொல்லுங்கள் என்று கேட்பது கொடுமை. வலி மனிதனுடைய உலகத்தையே ஒரு கட்டில் அளவுக்குச் சுருக்கிவிடும். மார்பின் என்றாலே நம்மவர்களுக்குப் பயம். அடிமையாகிவிடுவார், சீக்கிரம் போய்விடுவார் என்று பலரும் நினைக்கிறார்கள். தேர்ந்த மருத்துவர் அளவறிந்து வாய்வழியாகக் கொடுக்கும் மார்பின், புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனமே 1986 முதல் பரிந்துரைக்கிற மருந்து. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நம் நாட்டில் எத்தனையோ ஆஸ்பத்திரிகள் அதை வாங்கி வைக்கவே அஞ்சின. ராஜகோபால் போன்றவர்கள் விடாமல் போராடியதால் 2014இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதானது. ஆகவே, வீட்டில் ஒருவர் வலியோடு இருந்தால், பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். பாலியேட்டிவ் பிரிவைத் தேடிப் போங்கள். வலி தணிந்த மறுநாள் காலையில் அவர் பேசத் தொடங்குவார். அந்தப் பேச்சுக்காகத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது தடை வலியைவிடப் பெரியது. அது நம்முடைய மௌனம். "அவர்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்." இது அன்பினால் சொல்லப்படுவது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மாதம் மூன்று முறை ஊசி ஏற்றிக்கொண்டு, முடி கொட்டி, உடம்பு பாதியாகிற மனிதருக்குத் தன் நோய் தெரியாமலா இருக்கும்? பெரும்பாலும் தெரிந்திருக்கும். நம் மனம் நோகுமே என்று அவர் தெரியாததுபோல் இருக்கிறார்; அவர் மனம் நோகுமே என்று நாம் ஒன்றுமில்லாததுபோல் இருக்கிறோம். ஒரே வீட்டுக்குள் இரண்டு பக்கமும் நடிப்பு. மகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமல், தம்பியோடு தீர்க்க வேண்டியதைத் தீர்க்க முடியாமல், நாள் கழிந்துவிடுகிறது. எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "உங்க உடம்பைப் பத்தி என்ன நினைக்கிறீங்க? டாக்டர் கிட்ட என்ன கேக்கணும்?" என்று கேளுங்கள். அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறாரோ அவ்வளவு. எனக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் என்றால் அதுவும் அவர் உரிமை. முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

மறைக்காமல் வாழ்ந்த ஒருவரை இந்த மாநிலமே அறியும். நடிகர் இன்னசென்ட். இரிஞ்ஞாலக்குடாக்காரர். 2012இல் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை எடுத்தார், அடுத்து அவர் மனைவி ஆலிஸுக்கும் புற்றுநோய். அந்த மனிதர் ஒளித்துவைக்கவில்லை. மேடை மேடையாகச் சொன்னார். 'கேன்சர் வார்டிலே சிரி' என்று ஒரு புத்தகமே எழுதினார். 2014இல் சாலக்குடியில் நின்று நாடாளுமன்றத்துக்கும் போனார். 2023 மார்ச்சில் இதே கொச்சியில் இறந்தார். தனக்கு நோய் என்று தெரிந்த பிறகு அவருக்குக் கிடைத்த பத்து வருடத்துக்கு மேற்பட்ட காலத்தை அவர் ஒளிந்து கழித்திருந்தால், மலையாளிகளுக்கு அந்தப் புத்தகம் கிடைத்திருக்காது. கேன்சர் என்ற பெயரையே வாய்விட்டுச் சொல்லக் கூசிய எத்தனையோ வீடுகளில், அவர் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்க முடிந்தது. அதுவும் ஒரு சொத்துதான்.

சரி, வலி தணிந்தது, பேச்சும் திறந்தது. எதைக் கொடுப்பது? நமக்குப் பழக்கமான காகிதங்களிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தக் கூட்டத்தில் இருக்கிற பல குடும்பங்களுக்கு இங்கே ஒரு வீடு, ஊரில் ஒரு பங்கு. திருநெல்வேலிப் பக்கமோ தென்காசிப் பக்கமோ மதுரைப் பக்கமோ தாத்தா பெயரில் கூட்டுப் பட்டா இருக்கும். எல்லை எது, யார் உழுகிறார், எந்தச் சித்தப்பாவிடம் மூலப் பத்திரம் இருக்கிறது என்பதெல்லாம் ஒரே ஒருவருடைய தலைக்குள் இருக்கும். இங்கேயோ சீட்டு, கூட்டுறவு வங்கிக் கடன், குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கடன், அடகில் இருக்கிற நகை. அந்த ஒருவர் போய்விட்டால், துக்கத்தோடு அலைச்சலும் சேர்ந்து பிள்ளைகள் தலையில் விழும். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நமக்கு வர வேண்டியது, நாம் தர வேண்டியது, எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது. கடனை எழுதுவதற்கு வெட்கப்பட வேண்டாம். மறைத்து வைத்த கடன்தான் குடும்பத்தைப் பிரிக்கும்.

உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, எழுதுகிறவர் கையெழுத்திட வேண்டும். இரண்டு சாட்சிகள் அதைக் கண்டு கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுகிறவர்களைச் சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்வது நல்லது. படுத்த படுக்கையாக இருப்பவரால் வர முடியாது என்றால் பதிவு அதிகாரியே வீட்டுக்கு வர சட்டத்தில் இடம் உண்டு. நோய் இருப்பதாலேயே உயில் செல்லாமல் போகாது. எழுதும் நேரத்தில் தெளிந்த அறிவு இருந்தால் போதும். நம்மிடையே இருக்கிற முஸ்லிம் குடும்பங்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அவர்களுடைய தனிச்சட்டப்படி, வாரிசுகள் ஒப்பாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத இயலாது. இன்னொன்று. வங்கிக் கணக்கில் நாமினி என்று பெயர் போட்டுவிட்டால் பணம் அவருக்கே சொந்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். வங்கியிலிருந்து பணத்தை வாங்கும் உரிமைதான் அவருக்கு. அது போய்ச் சேர வேண்டியது உயிலில் சொன்னவருக்கு. உயில் இல்லையென்றால் சட்டப்படியான வாரிசுகளுக்கு.

இதைவிடப் பெரிய ஒரு கொடை உண்டு. நம் குடும்பங்களில் அதைக் கொடையாக யாரும் நினைப்பதில்லை. தன் சிகிச்சையைப் பற்றித் தானே சொல்லிவிட்டுப் போகிற முடிவு. ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே, வென்டிலேட்டர் வைக்கலாமா வேண்டாமா என்று கேட்டு ஒரு படிவத்தை நீட்டுவார்கள். மூத்த மகன் ஒன்று சொல்வான், வெளிநாட்டில் இருக்கிற மகள் போனில் வேறொன்று சொல்வாள். எந்த முடிவு எடுத்தாலும், அப்பாவுக்கு நாம் துரோகம் செய்துவிட்டோமோ என்ற முள் ஆயுளுக்கும் இருக்கும். அந்த முள்ளைப் பிடுங்கிவிட அந்த அப்பாவால் மட்டுமே முடியும். 2018 மார்ச் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொல்லி, முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்றது. முதலில் அதற்கு மாஜிஸ்ட்ரேட் முன்னிலை வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றது. பேச முடியாத நிலை வந்தால் தனக்காக யார் பேச வேண்டும் என்றும் அதில் பெயர் குறிக்கலாம். எந்த வயது வந்தவரும் எழுதலாம். தாளில் எழுத மனம் வராவிட்டால், பிள்ளைகள் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்து வாயாலாவது சொல்லிவிடுங்கள். "இதுவரைக்கும் பாருங்க, அதுக்கு மேல என்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க." இந்த ஒரு வாக்கியத்தை எல்லார் காதிலும் போட்டுவிட்டால் எத்தனையோ அண்ணன் தம்பி சண்டை மிச்சமாகும்.

அடுத்தது கதை. தன் வாழ்க்கை பற்றிய கதை. கனடாவில் வின்னிபெக் நகரத்து மனநல மருத்துவர் ஹார்வி சாச்சினோவ், மரணத்தை நெருங்கும் நோயாளிகளிடம் சில கேள்விகள் கேட்டு, பதிலை ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, திருத்தி, அவர்கள் கையிலேயே கொடுக்கும் முறையை உண்டாக்கினார். வாழ்க்கையில் எதைப் பெரிதாக நினைக்கிறீர்கள், எப்போது உயிர்ப்போடு இருந்தீர்கள், பட்டுத் தெரிந்துகொண்டது என்ன, உங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதுபோன்ற எளிய கேள்விகள். 2005இல் வெளியான அவருடைய முதல் ஆய்வில் 100 பேர். தங்கள் கண்ணியம் கூடியது என்று 76 விழுக்காட்டினர் சொன்னார்கள். இது என் குடும்பத்துக்கு உதவும் என்று 81 விழுக்காட்டினர் சொன்னார்கள். 2011இல் 326 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், மனத்துயரத்தின் அளவு மற்ற பராமரிப்பு முறைகளைவிட இதில் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. ஆனால் இது எனக்குப் பயன்பட்டது, என் குடும்பம் என்னைப் பார்க்கும் விதம் மாறியது என்று சொன்னவர்கள் இந்த முறையில்தான் அதிகம். துயரத்தை இது துடைத்துவிடும் என்று நான் உங்களுக்கு வாக்குத் தரவில்லை. படுக்கையில் இருப்பவர் மறுபடியும் அந்த வீட்டின் ஆளாக ஆகிறார். அது போதாதா?

நம் ஊருக்கு இதில் ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. இங்கே வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும்; பலருக்கு எழுத்து தெரியாது. பள்ளிக்கூடத்தில் மலையாளமும் ஆங்கிலமும்தான். பாட்டி நான்கு பக்கம் தமிழில் கடிதம் எழுதி வைத்தால், பேரன் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைப்பான். ஆகவே குரலாகப் பதிவு செய்யுங்கள். எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. எந்த ஊரிலிருந்து, எந்த வருடம், யாரை நம்பி இந்தக் கொச்சிக்கு வந்தோம். முதல் ராத்திரி எங்கே படுத்தோம். யார் சோறு போட்டார்கள். பத்துப் பத்து நிமிடமாக, மூச்சு வாங்கும்போது நிறுத்தி நிறுத்திப் பேசினால் போதும். பதிவை இரண்டு மூன்று இடத்தில் சேமித்து வையுங்கள். ஒரு போனை மட்டும் நம்பாதீர்கள்.

தொழிலும் அப்படித்தான். ஃபோர்ட் கொச்சியில் வெளி மைதானத்துக்குப் பக்கம் டோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர்கள் காலத்தில் சலவைத் தொழிலுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வெளுக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். கிளிப் இல்லாமல், முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிக் காயப்போடுவார்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் விழாது. இதை எந்தப் புத்தகத்திலும் படித்து அவர்கள் கற்கவில்லை. தகப்பன் கையைப் பார்த்து மகன் கை கற்றது. உங்கள் வீட்டில் படுத்திருப்பவருக்கும் அப்படி ஒன்று தெரிந்திருக்கும். மீன்குழம்புக்குப் புளி போடும் பதமோ, தையல் வெட்டோ, கணக்கு எழுதும் முறையோ. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லித்தாங்க என்று கேளுங்கள். சொல்லித்தருகிறவர் அந்த நேரத்தில் நோயாளி இல்லை.

இவ்வளவும் கொடுப்பவரைப் பற்றிச் சொன்னேன். இனி வாங்குகிறவரைப் பற்றி. எத்தனை பெரியவர் எத்தனை பெரியதைக் கொடுத்தாலும், பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லையென்றால் அது தரையில் விழும்.

கணித மேதை இராமானுஜன் 1919இல் நோயாளியாகத்தான் இங்கிலாந்திலிருந்து திரும்பினார். 1920 ஜனவரி 12ஆம் தேதி ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் புத்தம் புதிய கணிதம் இருந்தது. ஏப்ரல் 26ஆம் தேதி சென்னை சேத்துப்பட்டில் இறந்தார், 32 வயது. கடைசி வரைக்கும் படுக்கையில் கணக்கு எழுதிக்கொண்டே இருந்தார். எழுதிப் போட்ட தாள்களைச் சேர்த்து ஒரு பெட்டியில் பத்திரப்படுத்தியவர் அவர் மனைவி ஜானகி அம்மாள். அப்போது அவருக்கு 21 வயது. அந்தக் கணிதம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டியதில்லை. இது என் கணவர் கொடுத்துவிட்டுப் போவது என்பது புரிந்திருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1923இல் ஹார்டிக்கு அனுப்பிய தாள்களில் ஒரு தொகுதி, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டது. அதை வைத்து இன்றும் ஆராய்ச்சி நடக்கிறது. ஜானகி அம்மாள் பிறகு திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்தார். ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து வளர்த்து ஆளாக்கினார். 1994 வரை வாழ்ந்தார். மேதையின் கடைசி வருடத்தைப் பேசுகிறவர்கள் இந்த அம்மாளையும் பேச வேண்டும்.

டாஸ்மா இறந்த அதே 1948இல், ஜூன் 30ஆம் தேதி, இந்தக் கேரளத்தில் திருவனந்தபுரத்தில் எழுத்தாளர் புதுமைப்பித்தன் காசநோயால் இறந்தார். 42 வயது, கையில் பணமில்லை, மகள் தினகரி சின்னக் குழந்தை. சொத்து என்று எழுதிவைக்க ஒன்றும் இல்லாத மனிதர். பிழைப்புக்காகப் பிரிந்திருந்த காலத்தில் மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்களை அந்த அம்மாள் காப்பாற்றி வைத்தார். பின்னாளில் 'கண்மணி கமலாவுக்கு' என்று அவை நூலாக வந்தன. தமிழ்ச் சிறுகதையின் பெரிய ஆள் தன் வீட்டுக்கு எப்படிப்பட்ட மனிதராக இருந்தார் என்பது நமக்குத் தெரிவதற்கு, வறுமையிலும் ஒரு கட்டுக் காகிதத்தைத் தூக்கிப் போடாத அந்தக் கைதான் காரணம்.

பிள்ளை இல்லாதவர்கள், பிள்ளைகள் இருந்தும் தூரத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள்: எங்களிடம் வாங்கிக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று. அதற்கு மட்டாஞ்சேரியே பதில். யூதத் தெருவில், 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்துக்குப் போகிற வழியில், சாரா கோஹன் அம்மாளின் கைப்பூவேலைக் கடை. அவருக்கும் கணவர் ஜேக்கப் கோஹனுக்கும் பிள்ளைகள் இல்லை. அந்தத் தெருவில் சின்ன வயதில் சாமான் விற்றுக்கொண்டிருந்த தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம் பையனை அவர்கள் வீட்டுப் பிள்ளைபோல் சேர்த்துக்கொண்டார்கள். 1999இல் ஜேக்கப் இறந்த பிறகு, தாஹா அந்த அம்மாளுக்குத் துணையாக நின்றார். யூதச் சடங்குகளுக்கான தொப்பி, ரொட்டி மூடும் துணி இவற்றில் போடும் பூவேலை அந்த வீட்டிலிருந்து மற்றவர்கள் கைக்கு வந்தது. 2019 ஆகஸ்ட் 30ஆம் தேதி, 96 வயதில் சாரா அம்மாள் காலமானார். அந்தக் கடையும் நினைவுகளும் இன்று தாஹாவின் காவலில் இருக்கின்றன. சாரா அம்மாளுக்கு நோயைவிட முதுமைதான் அதிகம். ஆனாலும் நம் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. ரத்தம் வேறு, மதம் வேறு. வாங்கிக்கொள்ள மனம் இருந்தது; அதனால் அவர் வாரிசு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். படுக்கையில் இருப்பவரின் வார்த்தைக்கு நம் வீடுகளில் எல்லையில்லாத பலம். அதை வைத்து யாரையும் கட்டிப்போட்டுவிடக் கூடாது. "என் உயிர் இருக்கும்போதே கல்யாணத்தைப் பார்க்கணும்" என்று படித்துக்கொண்டிருக்கும் பெண்ணை அவசரமாகக் கட்டிக்கொடுப்பது, "அவன் வீட்டுப் படி ஏறாதே" என்று பகையை அடுத்த தலைமுறைக்கு எழுதிவைப்பது, இவையெல்லாம் சொத்து ஆகாது, பாரம். நோயோடு இருக்கிற பெரியவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: பிள்ளைகளை விடுவித்துவிட்டுப் போங்கள். "நீ எடுக்கிற முடிவு எதுவா இருந்தாலும் எனக்குச் சம்மதம்" என்பதைப்போல் விலை மதிக்க முடியாத உயில் வேறு இல்லை.

பேச முடியாதவர்களும் இருக்கிறார்கள். பக்கவாதத்தில் நாக்கு கட்டியவர்கள், மறதி நோய் வந்தவர்கள். அவர்களிடம் இனிமேல் கேட்க முடியாது. அவர்களைப் பற்றி அவர்கள் முன்னாலேயே பேசுங்கள். அண்ணன் தங்கை எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, அம்மா நமக்கு என்ன செய்தாள் என்று ஆளுக்கொன்றாகச் சொல்லுங்கள். எவ்வளவு அவர்கள் காதில் விழுகிறது என்று அளக்க வேண்டாம். சொல்கிற உங்களுக்குள் அது பதியும். கேட்கிற பேரப்பிள்ளைகளுக்குள் பதியும்.

கடைசியாக, இந்த அரங்கிலிருந்து நீங்கள் செய்யத்தக்க மூன்று வேலைகளோடு போங்கள். வீட்டில் வலியோடு இருப்பவர் உண்டென்றால், நாளைக்கே வார்டு உறுப்பினரிடமோ ஆஷா தொண்டரிடமோ கேட்டு பாலியேட்டிவ் பிரிவில் பெயர் பதியுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, டி.வி.யை அணைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எனக்கு என்ன சொல்லணும்னு நினைக்கிறீங்க?" பதில் வராவிட்டால் அடுத்த ஞாயிறும் கேளுங்கள். மூன்றாவது, உடம்பு நன்றாக இருக்கிற நீங்களே உங்கள் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தை எழுதுங்கள். நோய் வந்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை.

நமக்குச் சோறு போட்டவர்கள், படிக்கவைத்தவர்கள், இந்தக் காயல் கரைக்கு நம்மைக் கூட்டிவந்து ஆளாக்கியவர்கள் இவர்கள். இவர்களுடைய கடைசிக் கொடையை மறுக்க நமக்கு உரிமை இல்லை. கேளுங்கள். கொடுக்க விடுங்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.